வீட்டுப் பாடமும் ஒரு துண்டுக் கடதாசியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்மாரும் வாப்பாமாரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு இந்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. ஞாயிறு பின்னேரம் ஆனால் பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறதாம், திங்கட்கிழமை காலையில் காய்ச்சலாம். டாக்டரிடம் காட்டினால் ஒன்றுமில்லை என்கிறாராம்.

"டீச்சர், வெளிநாட்டுல சில குடும்பங்க புள்ளைகள ஸ்கூலுக்கே அனுப்புறதில்லயாம். ஊட்டுலயே வெச்சி, அதுகள் இஷ்டப்பட்டத படிக்க உடுறாங்களாம். வீடியோல பாத்தேன். நாங்களும் அப்பிடி செஞ்சா என்ன?"

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "சட்டம் விடாது" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 2016இல் அதை 16 வயது வரை கூட்டினார்கள். ஆனால் அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து வந்த கேள்வி அது. அன்றிலிருந்து நான் வாசித்ததையும், எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டதையும் யோசித்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

அவர் வீடியோவில் பார்த்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜோன் ஹோல்ட் என்று அமெரிக்காவில் ஓர் ஆசிரியர் இருந்தார். வகுப்பறையில் பிள்ளைகள் ஏன் தோற்றுப் போகிறார்கள் என்று 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகள் மொக்கர்கள் இல்லை, பயத்தினால்தான் தோற்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. முதலில் பாடசாலையைத் திருத்தலாம் என்று நம்பினார். பிறகு அந்த நம்பிக்கை போய், 1977இல் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு முன் 1971இல் இவான் இல்லிச் என்பவர், பாடசாலை என்ற அமைப்பே சமூகத்துக்குத் தேவையா என்று கேட்டு ஒரு நூல் எழுதியிருந்தார்.

அந்தக் குடும்பங்களின் நாள் எப்படிப் போகும்? மணி அடிக்காது. நேரசூசி இல்லை. பிள்ளை உம்மாவோடு சமைக்கும்போது அளவு படிக்கும். தோட்டத்தில் பூச்சியைப் பார்த்தால் அதைப் பற்றிக் கேட்கும். தாய் தகப்பன் புத்தகம் எடுத்துக் கொடுப்பார்கள், நூலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். பிள்ளைக்கு ஆசை வந்த நேரம் படிப்பு நடக்கும்.

இதை வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இது எங்களுக்குப் புதுசா? எங்கள் மூத்தம்மாமார் வளர்ந்த வீடு இதுதானே?

மலைநாட்டு முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். கண்டி இராச்சியத்தின் காலத்தில் எங்கள் முன்னோர்களில் பலர் தவளம் நடத்தியவர்கள். மாடுகளில் பொதி ஏற்றி, கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கும். தகப்பனோடு நடந்த பையன், பாதையைப் படித்தான், மாட்டின் நோயைப் படித்தான், நிறுவையைப் படித்தான், சிங்களமும் தமிழும் பேசப் படித்தான். பிறகு தேயிலைத் தோட்டங்கள் வந்தன, பாதை ஓரம் கடைகள் வந்தன. கடையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்த பையன் கடன் கொப்பியைப் பார்த்துத்தான் கூட்டல் கழித்தல் படித்தான்.

பெண்பிள்ளைகளுக்கு வீடு இன்னும் பெரிய பள்ளிக்கூடம். காலையில் லெப்பையிடம் அலிஃப், பே. பிறகு குர்ஆன் ஹத்தம். வயது வந்ததும் வெளியே போவது நின்றுவிடும். ஆனால் படிப்பு நின்றுவிடாது. அரபுத்தமிழ் என்ற ஓர் எழுத்து இருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதுவது. குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு பெண், வேறு எழுத்தே படிக்காமல் அதை வாசித்துவிடலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபுத்தமிழில் எழுதிய மார்க்கச் சட்ட நூல்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. தொழுகை, நோன்பு, சுத்தம், கணவன் மனைவி கடமை என்று எல்லாவற்றையும் எங்கள் பாட்டிமார் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்து ஓதினார்கள். அவர்களைப் 'படிக்காதவர்கள்' என்று கணக்கெடுத்தது அரசாங்கம். அவர்களுடைய எழுத்து அரசாங்கத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்த வீட்டையே வைத்துக்கொண்டிருந்திருக்கலாமே? ஏன் வெளியே வந்தோம்?

இதற்கு அறிஞர் சித்திலெப்பையின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி. அவருடைய காலத்தில் நல்ல பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையை அனுப்பினால் மதம் மாறிவிடும் என்று எங்கள் ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் நின்ற சித்திலெப்பைக்கு வேறொன்று தெரிந்தது. ஊரின் காணி உறுதி, வழக்கு, வரி, அரசாங்க உத்தியோகம் எல்லாம் எங்களுக்குத் தெரியாத எழுத்தில் நடந்தன. வீட்டில் எவ்வளவு படித்தாலும் அந்தக் கடதாசியை வாசிக்க முடியவில்லை.

அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருசம் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் அவருக்குத் துணையானார். 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை வந்தது. 1892இல் ஸாஹிரா வந்தது. இடையில் 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை சித்திலெப்பை திறந்தார். ஊரில் எதிர்ப்பு இருந்தும் திறந்தார். அவர் வீட்டுப் படிப்பை இழிவுபடுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அரபையும் மார்க்கத்தையும் பாடசாலைக்குள் கொண்டுவந்து, அதோடு மற்றப் பாடங்களையும் சேர்த்தார். அவர் கேட்டது வீட்டை விட்டு வெளியேறுவதை அல்ல, வீட்டுக்கு ஒரு வாசல் கூடுதலாக வைப்பதை.

இனி எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் லயங்களைப் பார்ப்போம். ஹல்துமுல்லையில் இருந்துகொண்டு தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் கல்வி வரலாறு எழுத முடியாது. எங்கள் கடைகளும் அவர்களுடைய லயங்களும் ஒரே பாதையில்தான் வளர்ந்தன.

லயத்துப் பிள்ளையும் வீட்டில்தான் படித்தது. விடியுமுன் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். அம்மா மலைக்குப் போவாள். கைப்பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். கொஞ்சம் பெரிய பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்கும், விறகு பொறுக்கும், தண்ணீர் தூக்கும். எந்த இலை வயிற்றுவலிக்கு, எந்தக் கீரை தின்னலாம், மழை எந்த மலையில் இருந்து வரும் என்றெல்லாம் அதற்குத் தெரியும். மாசி மாதம் காமன் கூத்து, பிறகு பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இரவு முழுக்கப் பாட்டும் வசனமும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். பிள்ளைகள் கேட்டே படித்தன.

அந்தக் குடும்பங்கள் பாடசாலையை வேண்டாம் என்று விட்டவை அல்ல. அவர்களுக்குப் பாடசாலை இருக்கவில்லை. ஆரம்பத்தில் எழுத்துத் தெரிந்த ஒரு கங்காணியோ தொழிலாளியோ லயத்து இஸ்தோப்பில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தால் உண்டு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் பாடசாலை வைத்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலாக 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மேல் வைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கி, 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்றது. யோசித்துப் பாருங்கள். 10 மணி வரைதான் பிள்ளை. அதற்குப் பிறகு ஆள்.

அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. பழைய ஆட்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளிகளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி. கங்காணி அதைக் கொண்டுபோய் இன்னொரு தோட்டத்தில் காட்டுவார். அந்தத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஒரு குடும்பம் நாளைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்கும், எவ்வளவு கடனோடு போகும் என்பதெல்லாம் அந்தத் துண்டில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவராலும் அதை வாசிக்க முடியாது. 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

மூலிகை தெரிந்தது, கூத்து தெரிந்தது, மலை தெரிந்தது. தங்களைப் பற்றி எழுதியிருந்த கடதாசி மட்டும் தெரியவில்லை. வீடு எல்லாவற்றையும் கொடுத்தது, வீட்டில் இல்லாததை மட்டும் கொடுக்க முடியவில்லை.

1945 ஒக்டோபரில் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. 1948இல் பிரசாவுரிமையே போய்விட்டது. 1960இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு எடுக்கத் தொடங்கியபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர், ஒரே ஒரு அறை. 1977 தொடக்கம்தான் அரசு கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. அதாவது ஜோன் ஹோல்ட் பாடசாலை வேண்டாம் என்று பத்திரிகை தொடங்கிய அதே வருசம், எங்கள் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலைக் கதவு திறக்கத் தொடங்கியது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வீடு அல்ல. அலுமாரி நிறையப் புத்தகமும், பகலில் வீட்டில் இருக்கும் தாயும், வேண்டிய நேரம் போய்வர நூலகமும் உள்ள வீட்டுப் பிள்ளை பாடசாலையை விட்டு வெளியே வரலாம். தாய் விடியக் காலையில் மலைக்குப் போகும் வீட்டில், அல்லது வாப்பா கட்டாரிலும் உம்மா தனியாக மூன்று பிள்ளைகளோடும் இருக்கும் வீட்டில், அது எப்படி நடக்கும்?

கவிஞர் தாகூர் சிறு வயதில் பாடசாலையை வெறுத்தவர். கல்கத்தாவில் பெரிய பணக்கார வீடு. வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படித்தார். அவரும் பெரியவரானதும் 1901இல் சாந்திநிகேதனில் ஒரு பாடசாலையைத்தான் தொடங்கினார். மரத்தடியில், பாட்டோடும் சித்திரத்தோடும் நடக்கும் பாடசாலை. 1934இல் இலங்கைக்கு வந்தபோது ஹொரணையில் ஸ்ரீ பாலி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியதும் அவர்தான். பாடசாலையால் காயப்பட்ட பிள்ளை, மற்றப் பிள்ளைகளுக்காகப் பாடசாலையை மாற்றப் பார்த்தது.

எங்கள் காலத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஐ இந்தப் பிரதேசத்தில் யாரும் மறக்க மாட்டோம். மீரியபெத்தையில் மலை சரிந்த அந்தக் காலையில், பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பாடசாலைக் கட்டடங்கள் அவர்களுக்கு வீடாயின. வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகளை ஊரே போய்ப் பார்த்தோம்.

2020 மார்ச்சில் அது தலைகீழாக நடந்தது. கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, வீடுகள் பாடசாலைகள் ஆகின. போன் உள்ள வீடு படித்தது. சிக்னல் இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்று உலகமே செய்தியில் பார்த்தது. எங்கள் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து ஒரு பாறையில் ஏறி இணையத்தைப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டார்கள். பாடசாலை திறந்தபோது என் வகுப்பில் எல்லாரும் திரும்பி வரவில்லை. கடைக்கு வேலைக்குப் போன பையன்களையும், வீட்டு வேலைக்குக் கொழும்புக்குப் போன பிள்ளையையும் நான் மறக்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக் கலாசாலையை முடித்து வேலைக்கு வந்த முதல் வருசம். ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை, கணக்கில் பின்தங்கியிருந்தாள். தேர்ச்சி அறிக்கையில் "வீட்டில் கவனிப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பெற்றார் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வேலையை விட்டுவிட்டு, ஒரு நாள் பேரை இழந்து வந்திருந்தார். அறிக்கையை அவரால் வாசிக்க முடியவில்லை. மகள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். தன் அம்மாவைப் பற்றி நான் எழுதியதை, அம்மாவுக்கே அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"நாங்க மலைக்கிப் போற ஆளுக டீச்சர். எங்களுக்கு என்னா தெரியும், புள்ளைக்கி சொல்லிக் குடுக்க?" என்று அவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிறகு பேசும்போதுதான் தெரிந்தது, அந்த அம்மா லயத்தில் பத்துப் பேரின் சீட்டுக் காசைப் பிடிப்பவர். யார் எத்தனை மாதம் கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் தலையில். கூடையைத் தூக்கிப் பார்த்தே கொழுந்து எத்தனை கிலோ என்று சொல்லுவார். கங்காணி எவ்வளவு கழித்தார் என்றும் தெரியும். அந்த வீட்டில் கணக்கு இல்லை என்று நான் எழுதியிருந்தேன்.

துண்டைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த அறிக்கைதான் ஞாபகம் வந்தது. வாசிக்க முடியாத ஒருவரைப் பற்றி, அவருடைய கையிலேயே எழுதிக் கொடுத்த கடதாசி.

பாடசாலையை வென்றெடுக்க எங்கள் சமூகங்கள் நூறு வருசத்துக்கு மேல் போராடின. அது சரி. ஆனால் வென்றெடுத்தபோது, வீட்டில் இருந்த படிப்பெல்லாம் படிப்பே இல்லை என்று தாய்மாரை நம்ப வைத்துவிட்டோம். அதைச் செய்தவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்களும்தான். அரபுத்தமிழ் வாசித்த மூத்தம்மாவின் கிதாபு பெட்டிக்குள் கரையான் அரிக்கிறது. கூத்துப் பாட்டுத் தெரிந்த தாத்தாவிடம் பேரன் ஒரு வரி கேட்பதில்லை. பின்னேரம் முழுக்க டியூஷன். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை யாரோடு பேசும்?

இப்போது அந்தக் கட்டார் வாப்பாவுக்கு என் பதில். அவர் திரும்பிப் போகுமுன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்த வேண்டாம். அது உங்கள் மகனுக்குச் சும்மா கிடைத்த இடம் அல்ல. ஆனால் அந்த வயிற்றுவலி பொய்யும் அல்ல. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் இரண்டு டியூஷனை நிறுத்துங்கள். வகுப்பாசிரியரிடம் நானும் பேசுகிறேன். பின்னேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். மூத்தாப்பாவின் கடையில் ஒரு மணித்தியாலம் உட்காரட்டும். உம்மாவோடு ரொட்டி சுடட்டும். வெட்டுப்புள்ளி வராவிட்டாலும் அவன் உங்கள் மகன்தான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

"அத சொன்னா படிக்க மாட்டானே டீச்சர்" என்றார் அவருடைய மனைவி.

"சொல்லிப் பாருங்க ராத்தா" என்றேன். என்ன நடந்தது என்று இன்னும் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை காய்ச்சல் இல்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஸீராவில் ஒரு செய்தி வரும். பத்ர் போருக்குப் பிறகு, எழுத்துத் தெரிந்த கைதிகள் மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் அதுவே விடுதலைக்கான ஈடு என்று ஆக்கினார்கள் எங்கள் நபி (ஸல்) அவர்கள். அவர்களே எழுத வாசிக்கத் தெரியாத உம்மி நபி. மதீனத்து வீடுகளில் ஈமான் இருந்தது, அறிவு இருந்தது, வீரம் இருந்தது. வீட்டில் இல்லாத ஒன்றைக் கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் தேவைப்பட்டார், அவர் எதிரியாக இருந்தாலும். அதனால் அந்த வீடுகள் சிறுமைப்படவில்லை.

என் வகுப்பில் இப்போது தவணைக்கு ஒருமுறை பிள்ளைகளை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் ஒரு விசயம் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். மருந்து, பாட்டு, கணக்கு, பழைய பாதை, எதுவானாலும் சரி. லயத்துப் பிள்ளையும் கடைத்தெருப் பிள்ளையும் எழுதி வருகிறார்கள். எழுதிய கொப்பியை வீட்டில் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. வாசிக்கத் தெரியாத தாயும் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தால் எரிக்காதீர்கள், கடலில் விடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். லயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த, அல்லது படிக்கக் கிடைக்காத பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பக்கத்தில் இன்று கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அல்லாஹ் எங்கள் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் பயனுள்ள அறிவைக் கொடுப்பானாக. ஆமீன்.